ஹெட்செட்டை யார் அணிவது?

கட்டடம் எழும்புமுன்பே அதற்குள் நடந்து பார்க்கும் வசதி நமக்கு வந்துவிட்டது. நடந்து பார்ப்பது யார், எந்தக் கட்டத்தில் என்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

1968இல் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய தலைக்கருவியைக் கூரையோடு பிணைத்துத்தான் மாட்டிக்கொள்ள முடிந்தது. அதில் தெரிந்தவை வெறும் கோட்டுருவங்கள். கட்டடக் கலைக்கு மெய்நிகர் நுட்பம் கைகொடுத்த கதை 1980களைச் சேர்ந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் கணினித் துறைக்கென சிட்டர்சன் ஹால் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். பிரெடரிக் புரூக்ஸின் குழு அதன் வரைபடங்களைக் கணினியில் முப்பரிமாணமாக்கியது. முன்கூடத்துத் தடுப்புச் சுவர் ஒன்று நடமாடும் இடத்தை நெருக்குகிறது என்று அங்கே குடிபுகப் போகிறவர்களுக்குப் பட்டது. கட்டடக் கலைஞர்கள் முதலில் ஒப்பவில்லை. அவர்களையும் கணினிக் கட்டடத்துக்குள் உலவவிட்ட பிறகு சுவர் இடம் மாறியது. அன்றைய படத்தின் தரம் இன்றைய கைபேசி விளையாட்டுக்குக்கூட ஈடாகாது. ஆனாலும் பலன் கிடைத்தது. பார்த்தவர்கள் அங்கே புழங்கப் போகிறவர்கள்; சுவரை நகர்த்த அப்போது நேரமும் இருந்தது.

இன்று நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. அனுமதி வாங்கி, தூண்களும் எழுந்த பிறகு, விற்பனை அலுவலகத்தில் ஹெட்செட் வந்து உட்காருகிறது. பளிங்குத் தரையையும் மாலை வெயிலையும் காட்டி முன்பணம் வாங்குகிறார்கள். இதை வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ணுக்குத் தெரிவதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஹெட்செட் அணிந்தவர்கள் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் அறை சிறிது என்றால், குறை அறையிலா கருவியிலா என்று பார்த்தாக வேண்டும். புழுக்கமோ அதில் தெரியவே தெரியாது. அங்கேதான் வெப்பத்தையும் காற்றையும் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் தேவைப்படுகிறது.

அதுவும் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும்; அந்தப் பதிலும் தவறலாம். லண்டனில் 'வாக்கி டாக்கி' என்று செல்லப்பெயர் பெற்ற கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு, 2013இல் வெயிலைத் தெருவில் குவித்து, அங்கே நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. வடிவமைத்த ரஃபேல் வின்யோலி, 36 டிகிரி என்று எதிர்பார்த்தது 72 அளவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அதே நகரின் மில்லெனியம் பாலத்தில் சிக்கலே வேறு. பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியதும், மேலே நடந்த கூட்டம் தன்னையறியாமல் அந்த ஆட்டத்துக்கேற்ப அடியெடுத்து வைத்தது, ஆட்டம் பெருகியது. நடப்பவர்களின் இந்தப் பக்கவாட்டு விசையை வடிவமைப்புக் கணக்கு கேட்கவே இல்லை. 2000 ஜூனில் திறந்த பாலத்தை இரண்டே நாளில் மூடி, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி, 2002இல்தான் மறுபடி திறந்தார்கள்.

சென்னைக்கு வருவோம். வெப்பக் கணக்குக்கு நாம் ஏற்றும் வானிலைக் கோப்பில் ஓர் ஆண்டின் 8760 மணி நேரமும் இருக்கிறது. ஆனால் அது மீனம்பாக்கத்தின் திறந்த வெளியில் அளந்தது. தியாகராய நகரின் நெருக்கமான தெருவில் காற்றும் சூடும் அப்படியா இருக்கும்? இன்னொன்று, மாலைக் காற்றுக்கு சன்னல் திறந்திருக்கும் என்று கணினியில் குறித்துவிடுகிறோம். வீட்டிலோ கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே சாத்திவிடுகிறார்கள். இதை மென்பொருள் எப்படி அறியும்? அங்கே குடியிருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, இம்மாநாட்டின் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது அழகிய படங்களை அல்ல. மக்கள் குடியேறி ஒரு கோடை கழிந்தபின் அளந்த வெப்பமும், கணினி முன்பு சொன்ன வெப்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைத் தேடுகிறேன். எண்கள் பொருந்தவில்லை என்பதற்காக அதை மறைக்காதீர்கள். அத்தகைய கட்டுரைகளுக்குக் கேள்வி நேரத்தைக் கூட்டித் தருமாறு அமர்வுத் தலைவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.