காலுக்குக் குருதி சேர்க்கும் நரம்பு அறுவை



அறநெறி பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நான் காலைப் பற்றிப் பேசவிருக்கிறேன். குந்தகுந்தாச்சாரியாரின் திருவடிகளை வணங்கப் பொன்னூர் மலைமீது வெறுங்காலுடன் ஏறும் நமக்கு அஃது அயலான பொருள் அன்று.

"சற்று நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது" என்போர் நம் குடும்பங்களில் உண்டு. வாயு என்று சொல்லித் தைலம் தேய்க்கிறோம். அது தமனி அடைப்பின் முதற்குறியாகவும் இருக்கலாம். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் உறக்கம் வரும். விரல் நுனிப் புண் ஆறாமல் கருகும்.

இந்நிலையில் சிலருக்கு மருத்துவர்கள் கூறுவதே நரம்பு அறுவை. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் இருமருங்கும் சங்கிலிபோல் ஓடும் பரிவு நரம்பின் ஒரு பகுதியை நீக்குவர். பரிவு என்று அழகிய பெயர் வாய்த்திருப்பினும், குருதி நாளங்களை இறுக்குவது அதன் தொழில்களுள் ஒன்று. அப்பிடி தளர்ந்தால் தோலின் நுண்ணிய நாளங்கள் விரிந்து பாதம் சூடேறும். 1920-களில் அர்ஜென்டினாவின் ஹூலியோ டியெஸ் என்னும் மருத்துவர் கால் நோய்க்கு இதனைச் செய்தார். இன்று ஃபீனால் மருந்தை ஊசி வழியே செலுத்தி அந்நரம்பைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு.

ஆனால் தமனியின் அடைப்பு அப்படியே இருக்கும். தோலுக்குக் குருதி கூடுமேயன்றித் தசைக்கு அவ்வளவாகக் கூடாது. ஆகவே இரவு வலி தணியலாம், சிறு புண் ஆறலாம். நடக்கும்போது வரும் வலி பெரும்பாலும் நீங்காது. நெடுநாள் சர்க்கரை நோயாளர் பலருக்கு அந்நரம்பு முன்னரே நலிந்திருக்குமாதலால் பயன் குறைவு. ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் ஆகியவற்றுக்கு வழியுண்டா என்றே இக்காலத்தில் முதலில் ஆராய்கின்றனர்.

அவ்வழி பலருக்கு அடைபட்டிருப்பது பர்கர் நோயில். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் இதனை விரித்துரைத்தார். புகையிலையை விடாத இளவயது ஆடவரையே இது மிகுதியும் பற்றும். முழங்காலுக்குக் கீழுள்ள சிறு நாளங்களே அடைபடுவதால், பைபாஸ் இணைக்க நல்ல நாளம் கிடைப்பது அரிது.

எங்கள் ஊர் உழவர் ஒருவர், நாற்பதைத் தொடாதவர், கட்டுக்கட்டாகப் பீடி பிடிப்பவர். நரம்பு அறுவைக்குப்பின் அவர் பாதம் வெதுவெதுப்பாயிற்று, விரற்புண்ணும் ஆறிற்று. "நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி என்ன?" என்று மீண்டும் பீடியைத் தொட்டார். இரண்டே ஆண்டில் முழங்காலுக்குக் கீழே காலை நீக்க நேர்ந்தது. பொழுது சாயுமுன் உண்ணும் விரதத்தை ஒருநாளும் தவறாதவர் அவர்! கள்ளும் ஊனும் தேனும் விலக்கிய நாம் புகையிலையை மட்டும் எந்தக் கணக்கில் விட்டுவைத்தோம் என்பது எனக்கு விளங்கவில்லை. வெற்றிலையோடு மெல்லுவதும் புகையிலையே.

அறுவைக்கு இசையுமுன், "இது வலிக்கா, புண்ணுக்கா, நடைக்கா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பீடியை அன்றே விடுங்கள். விடாதவருக்கு எந்த அறுவையும் நெடுநாள் துணை நில்லாது. அறுவை முடிந்த காலில் வியர்வை நின்று தோல் உலரும். நாள்தோறும் எண்ணெய் பூசி, வெடிப்பு உண்டா என்று வீட்டார் பார்த்தல் வேண்டும். அத்தகையோர் நண்பகலில் சுடுபாறையில் வெறுங்காலுடன் மலையேற வேண்டா. விடியலில், தடித்த துணியுறை அணிந்து ஏறலாம். அறங்காவலர்கள் அதற்குத் தடை சொல்லார் என்றே நம்புகிறேன்.