மருந்துக்கும் கேள்வி வேண்டும்

(போத்தனூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



நூறு வருஷத்துக்கு முன் பிளேக் வந்தபோது, நம் கோவை ஜனங்கள் 'பிளேக் மாரியம்மன்' என்று ஒரு சாமியை உண்டாக்கினார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழி தெரியாது என்று சொல்லலாம். ஆனால் 2021 மே மாதத்தில் இதே கோவையில் 'கொரோனா தேவி' என்று சிலை வைத்துப் பூசை செய்தார்களே, இதற்கு என்ன சமாதானம்? உயிர் காக்கும் மருந்து இன்னதென்று 2020 ஜூன் 16-ந் தேதியே சொல்லியாகிவிட்டதே!

அது டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. பழைய மருந்து, விலையும் சொற்பம். இங்கிலாந்தில் 'ரெகவரி' என்ற பரிசோதனையில் 2,104 நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் வீதம் 10 நாள் வரை இதைக் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டுமே. யாருக்கு எது என்பதை ஜாதி பார்த்தோ ஜாதகம் பார்த்தோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். 28 நாள் கழித்து எண்ணிப் பார்த்தார்கள்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்தில்லாமல் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். மருந்தோடு 29 பேர். பிராண வாயு மட்டும் பெற்றவர்களில் 26 என்பது 23 ஆயிற்று. பிராண வாயு தேவைப்படாதவர்களுக்கோ நன்மை ஏதும் காணவில்லை, தீமைக்கே இடமிருந்தது.

காரணம் என்ன? முதல் நாட்களில் கிருமி பெருகுகிறது. உடம்பின் காவல் அதை எதிர்க்கிறது. பின்னால் சிலருக்கு அந்தக் காவலே வெறிகொண்டு நுரையீரலைப் புண்ணாக்குகிறது. ஸ்டீராய்டு அந்த வெறியை அடக்கும். முன்கூட்டியே கொடுத்தாலோ காவல்காரன் கையைக் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதைதான்.

இதை யோசியாமல், பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்தார் என்று அதே சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கித் தின்றவர்கள் உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். 2021-இல் பலர் கண்ணையும் உயிரையும் கொண்டுபோன கரும்பூஞ்சைக்கு இதுவும் ஒரு காரணம். மந்திரத்தை நம்பியவனுக்கும், மாத்திரையை மந்திரமாக்கியவனுக்கும் என்ன வித்தியாசம்?

கொரோனாவில் பலித்ததால் எல்லாக் காய்ச்சலுக்கும் பலிக்குமென்று எண்ணாதீர்கள். கடுமையான இன்புளூயன்ஸாவுக்கு ஸ்டீராய்டு வேண்டாமென்றே உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, மூச்சுத் திணறினால் கோயிலுக்கும் ஓடாதீர்கள், மருந்துக்கடைக்கும் ஓடாதீர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மருந்து யாருக்கு, எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நாம் சொல்வதையும் அப்படியே நம்பாமல், உங்கள் அறிவைக்கொண்டு விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.