விளையாட்டுத் தொழிலில் நிர்வாகம்

ஆனேக்கல், அத்திப்பள்ளி, சந்தாபுரம் ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூர்க் கணினி நிறுவனங்களை நாடுகின்றனர். அங்கே நடைபெறும் தொழில்களுள் வீடியோ விளையாட்டு ஆக்கமும் ஒன்று. பெயர் விளையாட்டேயாயினும், பலருடைய பல்லாண்டு உழைப்பைக் கோரும் பெருந்தொழில் அது. நிர்வாகம் தடுமாறினால் அத்தொழில் எவ்வாறு நலியும் என்பதை ஒரு சான்றினால் காண்போம்.

1997ஆம் ஆண்டில் ராஜேஷ் ராவ் பெங்களூரில் 'துருவா இன்டராக்டிவ்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இந்தியாவில் இத்துறையில் முதலில் இறங்கிய நிறுவனங்களுள் அது ஒன்று. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய கார்கள் முதலிய உருவங்களை அதன் ஓவியர்கள் கணினியில் வடித்துக் கொடுத்தனர். 2017இல் அது ஸ்வீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் நிறுவனத்தின் வசமாயிற்று.

ஸ்டார்பிரீஸ் அக்காலத்தில் 'தி வாக்கிங் டெட்' கதையைத் தழுவிய விளையாட்டொன்றை ஆக்கிக்கொண்டிருந்தது. 2014இல் அறிவிக்கப்பட்ட அது 2016இல் வெளிவரும் என்றனர். தள்ளித் தள்ளிப் போய் 2018 நவம்பரில்தான் வந்தது. விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை 'என்ஜின்' என்பர். 2015இல் விலைகொடுத்து வாங்கிய 'வல்ஹல்லா' என்ஜினை நடுவழியில் கைவிட்டு, 'அன்ரியல்' என்ஜினுக்கு மாறினர். ஆனேக்கல் பட்டு நெசவாளர் இதன் துன்பத்தை எளிதில் உணர்வர். பாவு பூட்டிப் பாதிச் சேலை நெய்தபின் தறியையே மாற்றச் சொன்னால், நெய்பவர் என் செய்வார்?

விற்பனை எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 2018 டிசம்பரில் ஸ்டார்பிரீஸ் பணமுடையால் மறுசீரமைப்பு வேண்டி நீதிமன்றத்தை அணுகியது. 2019இல் துருவாவை ராக்ஸ்டார் நிறுவனத்துக்கு விற்றது.

இதில் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. ஸ்டாக்ஹோமில் எடுத்த முடிவின் விளைவு பெங்களூரில் பணிபுரிந்தோரின் வாயில் வரை வந்தது. உழைப்பவர் கை ஓரிடம். முடிவெடுப்பவர் கை வேறிடம். எனினும், புதிய முதலாளி விலைகொடுத்து ஏற்றது அவ்வுழைப்பாளரின் கைத்திறனையே அன்றோ?

ஆதலின், இரவு பகலாய் உழைத்தும் வேலை முடியவில்லை என்று பிள்ளைகள் வருந்தும்போது, அவர்களைக் குறைகூற வேண்டா. திட்டத்தை மாற்றுபவர் யார், மாற்றினால் அதற்கேற்ற காலமும் தருவரோ என்று பணியேற்கும் முன்பே வினவச் செய்யுங்கள். நிறுவனம் கைமாறலாம், கற்ற தொழில் கைவிடாது.