வேரில் படியும் பசை
(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



சரியாகத் துடைக்காத மங்கின் உட்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய வழுவழுப்பு ஒன்று தட்டுப்படும். பால்வெட்டும் கைகளுக்கு அது புதிதன்று. ஆனால் அது வெறும் அழுக்கும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் கூடிவாழும் குடியிருப்பு அது. புதுப்பால் அதன்மேல் விழுந்ததும் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்கும். ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன்பே பால் திரிந்து கட்டியாகிவிடும். கட்டிப்பாலின் விலையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தண்ணீரை ஊற்றி அலசினால் அப்பசை போகாது, தேய்த்தே எடுக்கவேண்டும்.

இதனை விஞ்ஞானிகள் உயிர்ப்படலம் என்பர். ஆலந்து நாட்டு லீவன்ஹூக் 1683ஆம் ஆண்டில் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்பசையை உருப்பெருக்கியில் நோக்கி, அதில் நுண்ணுயிர்கள் நெளிவதைக் கண்டு எழுதிவைத்தார்.

மங்கில் பகையாய் இருக்கும் இதே பசை, மறுநடவுக் காட்டில் நமக்குத் துணையாய் நிற்கிறது. கன்றுகளின் நிரைகளுக்கிடையே பரவும் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூடுபயிர்க் கொடிகள் அவரை இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் ரப்பர் மரம் அதை நேரே உண்ண இயலாது. அதை உரமாக மாற்றித் தருபவை இந்நுண்ணுயிர்களே. கொடியின் இலையும் வேரும் மக்கும்போது அவ்வுரம் மண்ணில் சேர்கிறது. லாலாங் புல்லும் அடங்குகிறது. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இம்முறையைத் தோட்டங்களுக்குப் பரிந்துரைத்து வந்தது. அக்கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தின் அங்கமாயிற்று. நம் வட்டாரத்தில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்துவிட்ட காடுகளிலும் இக்கொடிகளே போடப்படுகின்றன.

மரங்களை வீழ்த்திய காடு எப்படி இருக்கும்? நிழலில்லை. பிப்ரவரி வெயிலில் மேல்மண் சுடும். நம் மண்ணோ பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. தனித்து அலையும் பாக்டீரியா அங்கே விரைவில் மடியும். மண்துகளிலோ வேரிலோ ஒட்டிக்கொண்டு பசையைப் போர்த்திக்கொண்டது நெடுநாள் தாங்கும். அப்பசை பெரும்பாலும் சர்க்கரையினப் பொருளால் ஆனது. தன் எடையைப்போல் பன்மடங்கு நீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்லவே உலரும். அமில மண்ணில் கரைந்துவரும் அலுமினியம் போன்ற நஞ்சையும் ஓரளவு தடுத்து நிறுத்தும். வெளிப்புறத்தில் இருப்பவை மடிந்தாலும் உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். மழை பெய்து புதுவேர் நீளும்போது, வேர்மயிரில் ஒட்டி உட்புகுந்து முடிச்சை உண்டாக்குபவை இவ்வாறு பிழைத்தவையே.

ஆனால் விதையோடு கலக்கும் ரைசோபியத் தூளுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் முழுமையாக அமைந்திருக்காது. அதனைப் பெரும்பாலும் கரிய சதுப்பு மண்ணில் வைத்துத் தருவார்கள். நம் ராஜா மூசா காட்டுப் பக்கம் காணும் மண்ணைப் போன்றதுதான். அதன் புளிப்பைச் சுண்ணாம்பிட்டுத் தணித்திருப்பார்கள். பார்வைக்கு மண்ணாக இருப்பதால் சாக்கோடு வெயிலில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுண்டு. உயிருள்ள பொருளை அப்படி வைத்தல் தகாது. விதையை வெந்நீரில் நனைப்பதாயின், நன்கு ஆறிய பிறகே தூளைக் கலக்கவேண்டும். அமிலத்தன்மையுள்ள உரத்தோடு சேர்க்கலாகாது. கலந்த விதையை நிழலில் வைத்து, அன்றைக்கே விதைத்து, மண்ணால் மூடிவிடவேண்டும். இவற்றை மேற்பார்ப்பவர் அருகில் இல்லாத நேரத்திலும் விதை உங்கள் கையில்தான் இருக்கிறது.

சில வாரங்கள் சென்றபின் ஒரு கொடியை வேரறாமல் தோண்டி எடுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. முடிச்சே இல்லையென்றாலோ, உட்புறம் வெளுத்திருந்தாலோ, அந்தக் கொடியை அப்படியே கிராணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.