முகத்துக்கு நேராகப் பேசுவோம்

இந்த வட்டாரத்தில் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை மறந்தவர் இங்கே இருக்கமாட்டீர்கள். இறந்தவர்களைப் பற்றி இன்னும் பேசுகிறோம். பிழைத்து வந்தவர்களோடு எப்படிப் பேசுகிறோம் என்பதே இன்றைய என் பொருள்.

1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த முதல் அட்டவணையைப் பாருங்கள். இரு கைகளும் போனால் சம்பாதிக்கும் திறனில் நூறு விழுக்காடு இழப்பு. காது அறவே கேளாமல் போனாலும் நூறு. அதே வரிசையில், முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்தாலும் நூறு. முகம் வெந்தவருக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது. கணக்கு எழுதலாம், கடை நடத்தலாம். பிறகு ஏன் நூறு? அவரை வேலைக்கு வைக்க ஊர் தயங்கும் என்பதை அட்டவணை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அந்த நூறில் தீ எடுத்தது கொஞ்சம். மீதியை எடுத்தவர்கள் நாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அமிலம் வீசப்பட்டு உருக்குலைந்தவருக்கு அதில் தனி இடம் உண்டு. வெடி ஆபீசில் மருந்து பற்றி முகம் வெந்தவருக்கு அப்படி இல்லை.

சட்டம் அப்படி; நம் பேச்சு எப்படி? கல்யாண வீட்டில் முகம் வெந்த ஒரு பெண்ணின் காதுபடவே "எப்படி இருந்த புள்ள!" என்கிறோம். டீக்கடையில் காயம்பட்டவரை விட்டுவிட்டு, அவரோடு வந்தவரிடம், "அவருக்குச் சீனி போடலாமா?" என்று கேட்கிறோம். நொண்டி, செவிடன் என்று காயத்தையே பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டு, பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்கிறோம். காது மந்தமானவரிடம் கத்துகிறோம். கத்தினால் வாய் கோணும், உதட்டசைவும் புரியாது. முகத்தை வெளிச்சத்தில் காட்டி நிதானமாகச் சொன்னால் போதும்.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது "போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சு. 2024 ஆகஸ்டில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஒருவர் மாணவர்களிடம் அதையே சொன்னார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எதிர்த்துக் கேட்டார். பேசியவர் பிறகு கைதானார். மாற்றுத்திறனாளியைப் பொதுவில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குற்றம். நம் ஊரில் காரணம் தேடிப் போன ஜென்மத்துக்குப் போக வேண்டியதில்லை. மருந்தில் பட்ட உராய்வு, ஒரே அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், வெளியே ஓட வழியில்லாத நெருக்கம் என எல்லாம் இந்த ஜென்மத்தில், மனிதர் செய்தவை.

2025-இல் தமிழகச் சட்டமன்றம் செய்த திருத்தப்படி உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமரலாம். அப்படி ஒருவர் கூட்டத்துக்குத் தம் அண்ணனோடு வந்தால், குடிநீர்ப் பிரச்சினையை அண்ணனிடம் கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை தீர்மானப் புத்தகத்தை மூடாதீர்கள்.