ஆழம் பார்க்கப் போனவர்கள்



"ஆழம் தெரியாமல் காலை விடாதே"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. அமெரிக்கக் கடற்படை இதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1943 நவம்பர் 20 அன்று, பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த தராவா தீவில் படை இறங்கியது. படகு மிதக்கச் சுமார் 4 அடித் தண்ணீர் வேண்டும். பவளப்பாறை மேல் அன்று 3 அடிதான். படகுகள் தட்டி நின்றன. வீரர்கள் குதித்து, குண்டு மழையில், தண்ணீரிலேயே பல நூறு கெஜம் நடந்தார்கள். மூன்று நாள் சண்டையில் அமெரிக்கர் மட்டும் சுமார் 1,000 பேர் மாண்டார்கள்.

அதன் பிறகுதான் நீரடித் தகர்ப்புக் குழுக்கள் அமைந்தன. 1944 ஜூனில் சைப்பான் தீவில் படை இறங்குவதற்கு முந்தின நாள், டிரேப்பர் காஃப்மன் போன்றோர் தலைமையில் நீச்சல் வீரர்கள் போனார்கள். கையில் என்ன தெரியுமா? முடிச்சுப் போட்ட தூண்டில் நரம்பு, குறித்துக்கொள்ள ஒரு சிலேட்டு! பட்டப்பகலில், எதிரி சுடச்சுட, ஆழத்தை அளந்து வந்தார்கள். 1962-ல் பிறந்த 'சீல்' படை இவர்கள் வழி வந்ததுதான்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நாலு பேரை ஒரு காரியத்தில் இறக்கிவிடும் பொறுப்பு உங்களுக்கும் வரும். முதலில் ஆழத்தைப் பார்த்துடுங்க.