தொண்டே தலைமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தலைமை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? மேடை, மாலை, நடுநாற்காலி! அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றில் நெடுங்காலம் பணிபுரிந்த இராபர்ட் கிரீன்லீஃப் என்பார் வேறு விதமாக எண்ணினார். முதலில் தொண்டனாய் இருப்பவனே நல்ல தலைவனாவான் என்றும், அவன் தொண்டினைப் பெற்றோர் வளர்ந்தனரா என்பதே தலைமைக்கு உரைகல் என்றும் 1970-இல் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். அந்தப் பாடத்தைக் கடற்கரை மணலிலேயே கற்கலாம் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

சென்னைக் கடற்கரைக்குத் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் வருகின்றன. தாய் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறளவில் முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அம்முட்டைகளை நாயும் தோண்டும், மனிதனும் தோண்டுவான். அவற்றைக் காக்கும் பணியை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு செய்து வருகின்றது. மாணவரும் பிறரும் ஊதியமின்றி, நள்ளிரவில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடக்கின்றனர். ஆமையின் சுவடு கண்டு முட்டைகளை எடுத்து, வேலியிட்ட இடத்தில் மீண்டும் புதைக்கின்றனர். ஒன்றரை மாதம் கழிந்து குஞ்சுகள் வெளிப்படுகின்றன.

குஞ்சுகள் ஒளியை நாடுவன. நகரத்து விளக்குகள் அவற்றைச் சாலைப்பக்கம் ஈர்த்துவிடும். ஆதலின் தொண்டர் ஒருவர் அலையோரம் கைவிளக்கேந்தி நிற்கின்றார். குஞ்சுகள் தம் காலாலேயே கடல் சேர்கின்றன. அங்கே கைதட்டல் இல்லை. திரும்பி நன்றி சொல்வாரும் இல்லை. வழிகாட்டுதல் வேறு, ஆட்டிப்படைத்தல் வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் உணர்த்தும்?

நம் மும்பையிலும் இத்தகைய தொண்டு உண்டு. 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர், 84 வயதுடைய அண்டைவீட்டு முதியவர் ஒருவருடன் வெர்சோவா கடற்கரையில் குப்பை அள்ளத் தொடங்கினார். அவர் ஆணையிடவில்லை, வாரந்தோறும் குனிந்தார். கண்டவர்கள் தாமும் வந்து குனிந்தனர். 2018 மார்ச்சில், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், அக்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் காணப்பட்டன. மழைக்காலந்தோறும் கடல் மீண்டும் குப்பையை ஒதுக்குகின்றது. மீண்டும் அள்ளத்தான் வேண்டும். தொண்டுக்கு நிறைவு விழா இல்லை!

அன்பர்களே! தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், 'ஊருக்குப் போகிறோம்' என்றால் நாம் தமிழகத்தையே குறிக்கின்றோம். அது தாய்மண்ணின் மீதுள்ள பற்று, பெருமைக்குரியதே. ஆயினும் நம் மக்கள் பிறந்ததும் பயில்வதும் இங்கே. வாழும் மண் நமதாவது வீட்டுப் பத்திரத்தால் மட்டுமன்று. அதன்பொருட்டு நாம் குனிவதாலும் ஆகும். தாராவிக்கு எதிரே மாகிம் இயற்கைப் பூங்கா உள்ளது. ஒருகாலத்தில் குப்பைமேடாயிருந்த அவ்விடம் இன்று மரஞ்செறிந்த சோலையாக விளங்குகின்றது. குப்பைமேடு சோலையாகும் என்பதற்கு நம் வாசலெதிரே சான்று இருக்கின்றது!

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, நம் சங்கத்தார் பிள்ளைகளுடன் கடற்கரைக்குச் செல்வோமாக. பொறுப்பிலிருப்போர் முன்னே சென்று சாக்கைப் பிடிக்கட்டும். இளைஞர் தாமே பின்வருவர். அதற்கு முன்னோட்டமாக, இன்றிரவு விழா முடிந்ததும் இம்மன்றத்து நாற்காலிகளை அடுக்கிவைப்பதில் முதற்கை, மாலை பெற்றவர் கையாக இருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க தொண்டு!